மாமனார் கொடுத்த கார்

மழை பெய்தால் எல்லார் காரும் வெளியே நனையும். நூலகரின் கார் உள்ளே நனையும்.

காலை வைத்தால் கார்ப்பெட் சளக்கென்றது. பெடல் மிதிக்கும் இடத்தில் தண்ணீர், பக்கத்து சீட்டுக்குக் கீழே தண்ணீர், பின்னால் காளான். ஆமாம், காளான்தான். வீட்டுப் பூந்தொட்டியில் எதை நட்டாலும் வராது. இங்கே கேட்காமலே முளைத்தது. வாடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நூலகத்தில் அவர் மேஜைக்கு எதிரே இப்போதெல்லாம் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

மெக்கானிக் முன் கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டு, மக்கிப்போன இலைகளை ஒரு கை அள்ளிப் போட்டார்.

"தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கு சார். கதவு ரப்பரும் காஞ்சு போச்சு. சீட்டையெல்லாம் கழட்டி, கார்ப்பெட்டை உரிச்சுட்டுப் புதுசு போடணும். அடியில இருக்கற பஞ்சு தண்ணியைக் குடிச்சுட்டு விடமாட்டேங்குது. ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க."

நூலகருக்கும் விட்டுவிட்டுப் போகத்தான் ஆசை. ஆனால் இரண்டு நாளைக்கு அல்ல, ஒரேயடியாகத் தலைமுழுகிவிட வேண்டும்.

விற்கலாமே என்றால், அது மாமனார் கொடுத்த கார். "எங்கப்பா கண்ணுல வெச்சு ஓட்டின வண்டி" என்று மனைவி ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். மாமனாரோ போன் செய்தால் மகளை விசாரிப்பதற்கு முன் காரை விசாரிப்பார்.

"வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"ராஜா மாதிரி இருக்கு மாமா."

வேறு என்ன சொல்வது? குளம் மாதிரி இருக்கிறது என்றா?

விற்றால்தான் வம்பு. தானாகத் தொலைந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் பரிதாபப்படுவார்கள். ஒரு புத்தகத்தைக்கூடத் தாமதமாகத் திருப்பித் தராத அந்த மனிதர், தன் காரைத் தானே திருட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தார்.

அந்த வாரமே வசதியாக மனைவி, "ரெண்டு நாள் அப்பா வீட்டுக்குப் போயிட்டு வரேங்க" என்று கிளம்பினாள். பஸ் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

"பாவம், தினம் இதுலயா போயிட்டு வர்றீங்க?" என்று நனைந்த செருப்பை உதறிக்கொண்டே அவள் இறங்கிப் போனாள்.

காரை நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, கதவைப் பூட்டாமல், சாவியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தார். சந்து முனையில் ஓர் ஆள் சுவரில் சாய்ந்தபடி காரையே பார்த்துக்கொண்டிருந்தான். திருட்டு முழி. நூலகருக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தார். கார் இல்லை. அது நின்ற இடத்தில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது.

உடனே புகார் கொடுத்தால் திருடன் மாட்டிக்கொள்வான். அவனும் ஊர் தாண்ட வேண்டாமா? அன்று முழுவதும் பொறுத்திருந்து, அடுத்த நாள்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"வண்டியைப் பூட்டினீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பூட்டிட்டு இழுத்துக்கூடப் பார்த்தேன் சார்."

"வீட்டுல யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்களா?"

"நானும் மனைவியும்தான் சார். அவ ஊருக்குப் போயிருக்கா." நூலகர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். "மாமனார் ஆசையாக் குடுத்த வண்டி. எடுத்தவன் நல்லா இருப்பானா?"

கண்ணீரே வந்துவிட்டது. நிம்மதியிலும் கண்ணீர் வரும் என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அவர் மனம் இளகிப்போனார்.

"நீங்க கவலைப்படாதீங்க. நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்திப் பார்க்கச் சொல்றேன்."

"அவ்வளவு சிரமம் வேண்டாம் சார்."

"இதுல என்ன சிரமம்? உங்களை மாதிரி ஆளுங்க வயித்துல அடிக்கறவனை நான் சும்மா விடமாட்டேன்."

வீட்டுக்கு வந்து, நெடுநாளைக்குப் பிறகு காய்ந்த காலுறை மாட்டிக்கொண்டார். மனைவி வந்ததும் காட்ட வேண்டிய சோக முகத்தைக் கண்ணாடி முன் இரண்டு மூன்று விதமாகச் செய்து பார்த்தார். அப்போது போன் அடித்தது.

"சார், உங்க வண்டி கிடைச்சிருச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

நூலகருக்குச் சோக முகம் இப்போது தானாகவே வந்தது.

"பலே கேடிங்க சார். அடையாளம் தெரியக்கூடாதுன்னு கார்ப்பெட்டையே உரிச்சுட்டுப் புதுசு போட்டிருக்காங்க. கதவு ரப்பர்கூடப் புதுசு. ஒரு சொட்டு ஈரம் இல்ல."

திருடனுக்கு எதற்கு இந்த வேலை என்று நூலகருக்குப் புரியவில்லை. "ஆளைப் புடிச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"கையும் களவுமா. ஒரு அம்மாவும் ஒரு பெரியவரும். என்ன வாய்ங்கறீங்க. நீங்க சாவியை உள்ளயே விட்டுட்டுப் போனதை அந்தம்மா பஸ் ஸ்டாண்டுல நின்னு பார்த்துச்சாம். உங்களுக்குச் சொல்லாம சரிபண்ணிக் கொண்டுவந்து நிறுத்தலாம்னு எடுத்துட்டுப் போச்சாம். நாங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்."

நூலகர் ஒரு கையால் செருப்பைத் தேடினார்.

"அந்தம்மா உங்க சம்சாரம்னு சாதிக்குது, அந்தப் பெரியவர் மாப்பிள்ளையை வரச்சொல்லுன்னு கத்தறார், ரெண்டு பேரையும் உள்ள வெச்சுப் பூட்டியிருக்கோம், நீங்க நிதானமா வாங்க சார்."