இரண்டாவது உடை

ரோபோ வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

பெரிய திரையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் மூன்று உருவங்கள். ஒரு சோழ வீரன். ஒரு மாடுபிடிக்காரன். ஓரத்தில் அவள் செய்த சித்தாள்.

வெவ்வேறு கேம்களின் சண்டைக்காரர்களை ஒரே களத்தில் மோதவிடும் கேம் அது. அதில் நாட்டுக்கு ஒரு புதுச் சண்டைக்காரர், விருந்தாளியாக. இந்த நாட்டு விருந்தாளியைச் செய்துதரும் வேலை இந்த அலுவலகத்துக்கு வந்திருந்தது.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. இந்த மாதத்தோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. சித்தாள் தேறினால் வேலை நிலைக்கும்.

“சோழன போடுங்க ப்ரோ. தமிழ்நாடே வாங்கும்,” என்றான் ரெக்ஸ். பக்கத்து மேசைக்காரன். சோழனைச் செய்தவன்.

“உன் சோழன் நகைக்கடை விளம்பரத்துல வர்ற மாப்பிள்ளை மாதிரி இருக்கான்டா,” என்றார் நிரஞ்சன். அந்தக் குழுவுக்குத் தலைமை அவர்தான்.

சிரித்தார்கள்.

“அதுக்குன்னு சித்தாளா? ஸ்பெஷல் மூவ் என்ன ப்ரோ, மேஸ்திரி கூப்ட்டா ஓடியாறதா?” என்றான் ரெக்ஸ்.

மறுபடி சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

திரையில் சித்தாள் நின்றாள். தூக்கிச் செருகிய சேலை. சேலைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை. அந்தச் சட்டையின் கறைகள்கூட, வீட்டுக் கொடியில் தொங்கியதைப் படமெடுத்து ஒட்டியவை. தலையில் சும்மாடு. அதன்மேல் கலவைச் சட்டி. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்தச் சட்டி சுழன்று போய் எதிரியின் தாடையைப் பெயர்க்கும்.

முகம் அம்மாவுடையது. அது இங்கே யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்குத் தெரியும். போனில் காட்டியிருந்தாள். சித்தாள் வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மா, ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, என்னையே சண்டைக்கு உட்டுட்டியா? பாத்துக்க. நான் அடிச்சா ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்.”

நிரஞ்சனின் போன் அதிர்ந்தது. படித்தார். நிமிர்ந்தார்.

“முடிஞ்சிருச்சு. க்ளையன்ட்டுக்கு சித்தாளைத்தான் புடிச்சிருக்காம். அந்த முகம் புடிச்சிருக்காம். வாழ்த்துகள்மா.”

கைதட்டினார்கள். ரெக்ஸும் தட்டினான்.

அவள் கால் நின்றது.

“ஒண்ணே ஒண்ணு. இடுப்பு தெரியலையாம்.”

கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

“சட்டைய எடுத்துரலாம்மா.”

யாரும் சிரிக்கவில்லை. இது வேலைப் பேச்சு.

“சட்டை வேணும் அண்ணா,” என்றாள்.

“இருக்கட்டும், யாரு வேணாம்னா? மொத உடை சட்டையோட. ரெண்டாவது உடை சட்டை இல்லாம. கேம் ஆடுறவங்க அதத் தனியா காசு கட்டி வாங்கணும். கேமே அதுலதான்மா ஓடுது.”

ரவிக்கைக்குக் கை வைப்பதா வேண்டாமா என்று பேச்சு போனது. முதுகில் கயிறு வைக்கலாம் என்றான் ரெக்ஸ். கயிறு நல்ல யோசனை என்றார்கள். நிறம் சிவப்பா, பச்சையா என்றார்கள்.

சித்தாள் கையைத் தூக்கியபடி நின்றாள்.

அவள் சொல்லித்தான் பார்த்தாள்.

“தலையில சட்டி இருக்கும்போது ரெண்டு கையும் மேல மாட்டிக்கும்ணா. சேலை வெலகுனா இழுத்துவிடக் கை இருக்காது. கீழ நிக்கிறவன் பாத்துக்கிட்டே நிப்பான். அதுக்குத்தான் சட்டை.”

நிரஞ்சன் மேசையைத் தட்டினார்.

“அதான்மா! கை மேல மாட்டிக்கிட்டு நிக்கிறா. அந்த போஸையே விளம்பரத்துக்கு வச்சிருவோம். சாயங்காலம் அனுப்பிரு.”

அவள் தன் மேசைக்கு வந்தாள். சித்தாளின் சட்டையை நீக்கினாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

மேலே கழுத்து இருந்தது. கீழே கொசுவம் இருந்தது. நடுவில் திரையின் சாம்பல் நிறம். துணி மூடுகிற இடத்தில் யாரும் உடம்பு செய்வதில்லை. வெட்டி வேலை.

அலுவலகச் சேமிப்பில் தயார் உடம்புகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பொருத்தினாள். வழவழவென்று உட்கார்ந்தது. ஒருநாளும் வெயில் பார்க்காத உடம்பு. அதன்மேல் சுமந்து சுமந்து தடித்த கழுத்து. கழுத்துக்கு மேல் அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உட்கார முடியவில்லை. எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். யாரோ தன் மேசைப் பக்கம் போவதைப் பார்த்ததும் ஓடிவந்து திரையை அணைத்தாள்.

அந்த ஆள் போன பிறகு திரையைப் போட்டாள்.

கேட்டதைச் செய்தாகிவிட்டது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

திரையில் அம்மாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். கூராக வந்தது. கன்னத்து எலும்பை அமுக்கினாள். கண்ணைப் பெரிதாக்கினாள். புருவத்தில் கம்பி கிழித்த தழும்பு இருந்தது. அதை அழித்தாள். உதட்டை, நெற்றியை, தாடையை. நிறுத்தவே இல்லை. பற்றி எரிகிற குடிசையிலிருந்து ஆளை இழுத்துப் போடுகிறவளின் கை அது.

“முகத்துல எதுக்கும்மா கை வச்ச?”

நிரஞ்சன் பின்னால் நின்றார்.

“அவங்க வாங்குனதே அந்த முகத்துக்காகத்தான். உனக்கு வேலை வேணாமா? இது யாரு?”

“யாரும் இல்லண்ணா.”

புது முகத்தைச் சேமிக்கப் போனாள். பழைய கோப்பு அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கணினி கேட்டது.

‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.