இருபது கோடி ஆண்டுகளைக் காணவில்லை

கமலாம்பாள் டீச்சர் மறுபடியும் அளந்து பார்த்தார். நாற்பத்து நான்கு அடிதான் இருந்தது.

பூமியின் வயது நானூற்று அறுபது கோடி ஆண்டுகள். அடிக்குப் பத்துக் கோடி என்று கணக்கிட்டு, பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளைத் துணியை நாற்பத்தாறு அடிப் பட்டையாக்கி, ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அதில் மையால் குறித்திருந்தார்கள். முதல் நாற்பது அடி ஏறக்குறைய வெறுமை. மீனும் மரமும் ராட்சதப் பல்லியும் கடைசி ஆறடியில் நெருக்கியடித்தன. மனிதன் ஓரத்து நூலில் தொங்கினான்.

"இருபது கோடி ஆண்டுகள் எங்கே?"

வெறுமையின் நடுவே புதிதாக ஒரு தையல் தெரிந்தது.

"நான்தானுங்க டீச்சர் வெட்டினேன்." சுப்பாத்தாள் எழுந்து நின்றாள். இன்று பள்ளி ஆய்வாளர் முன்னால் பட்டையை விளக்கப் போகிறவளே அவள்தான். கோவை அறிவியல் கண்காட்சிக்குப் போகிறவளும் அவள்தான்.

"எதற்கு?"

சுப்பாத்தாளின் பார்வை கடைசிப் பெஞ்சுக்குப் போய்த் திரும்பியது.

"பொம்மைக்குப் பாவாடை தெச்சிருப்பா, டீச்சர்!" என்றது முன் பெஞ்சு.

"மை படாத இடமாப் பாத்துத்தானுங்க எடுத்தேன். அங்க ஒண்ணுமே நடக்கலீன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"ஒன்றும் நடக்காத காலமும் காலம்தான்."

"இழுத்துப் புடிச்சா நாப்பத்தாறு வந்துருமுங்க. பனியன் துணிதானுங்களே."

"உன் வசதிக்காகக் காலம் நீளாது. வெளியே போய் நில். கண்காட்சிக்கு வேறு ஒருத்தி போவாள்."

சுப்பாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள்.

ஆய்வாளர் வந்தார். வகுப்பு முழுவதும் எழுந்தது. கடைசிப் பெஞ்சில் முத்தாத்தாள் மட்டும் எழவில்லை.

டீச்சர் அவளருகே போனார். "உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?"

"எந்திரிச்சாத் தெரிஞ்சுருமுங்க, டீச்சர்." குரல் காதுக்கு மட்டும் எட்டியது. "மத்தியானம்தானுங்க... மொதத் தடவை. சுப்பாத்தாதான் துணி குடுத்தா. ஊட்டுக்குத் தெரிஞ்சா நாளைக்கே படிப்ப நிறுத்திருவாங்க. எங்கக்காளை அப்பிடித்தானுங்க நிறுத்துனாங்க. பரீட்சை முடியற வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லாதேன்னு அவகிட்டச் சத்தியம் வாங்கிப் போட்டனுங்க."

டீச்சர் ஆய்வாளர் பக்கம் திரும்பி, "இவளுக்குக் கால் சுளுக்கு, ஐயா. உட்கார்ந்தே இருக்கட்டும்" என்றார்.

ஆய்வாளர் அதற்குள் பட்டையை அளந்து முடித்திருந்தார்.

"என்னங்க டீச்சர், ரெண்டடி குறையுதே?"

"குறையாதுங்க. பனியன் துணி" என்ற கமலாம்பாள் டீச்சர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"சுப்பாத்தா, உள்ளே வா. அந்த முனையை நன்றாக இழுத்துப் பிடி."