கேட்டல் பாடம்

தூத்துக்குடி டிப்போ மெக்கானிக் இருதயராஜ் இணையக் கல்லூரியில் முதலாண்டு மாணவன். 'கேட்டல்' பாடத்தில் மட்டும் மூன்று முறை தோற்றிருந்தான். தேர்வுத்தாள் கிடையாது. சட்டையில் குத்திய சின்னப் பொத்தான்தான் நாள் முழுக்கக் கவனித்து மதிப்பிடும். ஒருவர் பேசுவதை உண்மையாகவே கேட்டால் பச்சையாக எரியும்; இல்லையென்றால் சிவக்கும். இன்று மாலையோடு கெடு முடிகிறது. தவறினால் ஓராண்டு வீண்.

மனைவி பெர்பெத் சின்ன வெங்காயம் உரித்தபடி ஏதோ சொல்லத் தொடங்கினாள். குறுக்கே பேசிவிடக் கூடாதென்று அவன் மேசைக்கடியில் ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணினான். பொத்தான் சிவந்தது.

"கேக்கியளா, எண்ணுதியளா? பொத்தானுக்கே தெரிஞ்சிட்டு," என்று சிரித்தாள்.

அவனும் சிரித்துவிட்டு விரல்களை மடக்கிக்கொண்டான்.

"எனக்கும் ஒரு காலேஜ்ல சேரணும். பத்து வருசமா சொல்ல வாறேன். நீங்க பாதியிலயே வேற கதைக்குப் போயிருவிய."

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். அவள் கத்தியை வைத்துவிட்டு, படிக்க ஆசைப்பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழம்பு வைக்கும் நேரம் கடந்தும் நிறுத்தவில்லை.

"பச்சை எரியுது, பாருங்க," என்றாள் கடைசியில்.

அவன் குனிந்து பார்க்கவில்லை. "பொறவு?" என்றான்.