தகவல் தெரிவிக்க வேண்டியவர்

ஆவணக் காப்பகத்தின் ஜன்னல் திரையை ஊழியர் இழுத்து மூடுகிறார். பழைய ஆவணங்களைப் பெரிதாக்கிக் காட்டும் படச்சுருள் கருவியின் வெளிச்சம் மட்டும் மேசைமேல் விழுகிறது. அதில் ஐம்பத்தெட்டு வருடங்களுக்கு முன் புறப்பட்ட ஒரு கப்பலின் பயணிகள் பட்டியல். தன் அப்பாவோடு சண்டை போட்டு அதில் ஏறிய தன் அண்ணன் கரை சேர்ந்தானா, நடுக்கடலிலேயே போய்விட்டானா என்று அத்தைக்கு இன்றுவரை தெரியாது. இந்த வரியை நாங்கள் மூன்று முறை தாண்டிப் போயிருக்கிறோம். அண்ணனின் பெயர் சரிதான். வயது இருபத்தொன்று என்றிருந்ததால், வேறு யாரோ என்று விட்டுவிட்டோம். "இருபத்தொண்ணாம்! புளுகன். பதினேழுகூட முடியலை, மீசையே வரலை," என்கிறாள் அத்தை. நான் சக்கரத்தை மெல்லத் திருப்புகிறேன். கடைசிக் கட்டத்தில், ஆபத்து நேர்ந்தால் தகவல் தெரிவிக்க வேண்டியவர்: தங்கை. பக்கத்தில் அத்தையின் பெயரும் எங்கள் வீட்டு எண்ணும் இருக்கின்றன. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறாள். "அப்ப எனக்கு ஏழு வயசுடி. பெரியவங்க அத்தனை பேர் இருக்க, என்னைப் போய் எழுதியிருக்கான் பாரு." ஊழியர் குனிந்து படிக்கிறார். "கப்பல்ல ஏதாவது ஆகியிருந்தா உங்க பேருக்குத்தாம்மா தபால் வந்திருக்கும்." "அதே வீட்டுலதான் தம்பி இன்னும் இருக்கேன். ஒண்ணும் வரலையே." சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'வரலையே' அவளுக்கே கேட்கிறது. வெளிச்சத்துக்குள் கையை நீட்டுகிறாள். அண்ணனின் பெயர் அவள் புறங்கைச் சுருக்கங்களின்மேல் ஏறி இறங்கி விழுகிறது. "போய்ச் சேர்ந்துட்டான்டி," என்கிறாள் என்னிடம், நேற்று கிளம்பியவனைப் பற்றிச் சொல்வதுபோல.