ஒரு டம்ளர் பச்சை

“மூக்கைப் பிடிச்சுக்கோ. கண்ணை மூடிக்கோ. ஒரே மடக்கு, முடிஞ்சது!”

தையல்காரர் நீட்டிய டம்ளரை அவர் மனைவி முறைத்துப் பார்த்தாள். பஸ் ஓட்டுகிறவள். அவள் ஹாரன் அடித்தால் லாரிக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு டம்ளர் கீரைச் சாற்றுக்கு முன்னால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவாள்.

“இன்னைக்கு என்ன தழை?”

“பசலைக்கீரை, வெள்ளரிக்காய், பச்சை ஆப்பிள். நேத்துக் காரம்னு கத்துனியே, அதனால இஞ்சி பாதிதான் போட்டேன்.”

“ஆட்டுக்கு வெச்சா அது சந்தோஷமாக் குடிக்கும்.”

“ஆட்டுக்கு மெடிக்கல் டெஸ்ட் கிடையாதே!”

அவள் டம்ளரை வாங்கினாள். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு குடித்து முடித்தாள்.

டெஸ்ட்டுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. போன தடவையே டிப்போ டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஐந்து கிலோ குறைய வேண்டும், ரத்த அழுத்தமும் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிடலாம். தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார்ந்து, பயணிகள் விட்டுவிட்டுப் போன குடைகளுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். பதினெட்டு வருடம் பஸ் ஓட்டியவளுக்கு அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

போன வருடமே பச்சைச் சாறு ஆரம்பித்தாள். இரண்டே வாரம். அப்புறம் மிக்ஸி பரண் ஏறிவிட்டது. எடை பார்க்கும் மெஷினையும், “இது என்னைப் பார்த்தாலே பொய் சொல்லுது” என்று எதிர்வீட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

இந்தத் தடவை தையல்காரர் சமையலறையைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டார். தையல் மெஷினுக்கு மேலே அளவுச் சீட்டுகள் தொங்கும் கம்பியில் சமையல் குறிப்புகளும் சேர்ந்து தொங்கின. காலர் பதினைந்து, கை இருபத்து மூன்று, கீரை ஒரு கட்டு, வெள்ளரி அரை. ஒருநாள் மூடியைப் போடாமல் மிக்ஸியை ஓடவிட்டதில், யாரோ ஒருவருடைய கல்யாணக் கோட்டின் மேல் பச்சை மழை பெய்தது. ராத்திரி சாப்பாட்டுக்குக் காளான், பயறு, வேகவைத்த காய் என்று தினம் ஒன்று செய்தார். துவைப்பது, ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டுவது எல்லாம் அவர் வேலைதான். “நீ பஸ்ஸைப் பாரு, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார்.

ஆனால் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

“ரெண்டு மாசமாக் குடிக்கிறேன். பேன்ட் கொக்கியைப் போட இன்னும் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கு. ரெண்டு செட் யூனிஃபார்மும் அப்படியேதான் இருக்கு. ஒரு இம்மிகூடக் குறையலைங்க!”

“டாக்டர் சொல்லட்டும்.”

“டாக்டர் என்ன சொல்றது? பேன்ட்டே சொல்லுதே!”

“பேன்ட் பேச்சை நம்பாதே. நாளைக்கு அன்னாசிப்பழம் சேர்க்கிறேன், ருசியா இருக்கும்.”

“குடைகளைப் பாத்துக்கறதுக்கு ருசி எதுக்கு?” என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தையல்காரர் மாட்டியிருந்த யூனிஃபார்மை ஒரு தடவை பார்த்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

டெஸ்ட் நாளன்று தையல்காரருக்கு வேலையே ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது பக்கமே வைத்துத் தைத்துவிட்டு, பிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் தடதடவென்று சத்தம் கேட்டது.

“ஏழு கிலோங்க! ஏழு!”

ஓடிவந்தவள் அவரை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். கழுத்தில் இருந்த டேப் பறந்துபோய் ஜன்னலில் மாட்டிக்கொண்டது.

“மூணு தடவை ஏறி நின்னேன். மெஷின் தப்பு, மாத்துங்கன்னு நானே சண்டை போட்டேன். டாக்டர் சிரிக்கிறாரு! ரத்த அழுத்தமும் இறங்கியிருக்காம். நாளைக்கே வண்டியை எடுன்னுட்டாரு!”

“எடு ராஜாத்தி, எடு. முதல்ல என்னைக் கீழே இறக்கு.”

இறக்கினாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள். அவளே மிக்ஸியைத் திறந்து, மிச்சமிருந்த சாற்றைக் கேட்காமலே ஊற்றிக் குடித்தாள். தலைகால் புரியவில்லை. திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏங்க, ஏழு கிலோ போயிருக்கு. அப்புறம் ஏன் இந்தப் பேன்ட் இன்னும் இப்படி இறுக்குது?”

தையல்காரர் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார்.

“திரும்பி நில்லு.”

பின் இடுப்பின் உள்பக்கத்தில் ஒரு நூலை வெட்டினார். ஒரு மடிப்பு விரிந்தது. இன்னொரு நூல், இன்னொரு மடிப்பு. எட்டாவது நூல் அறுந்தபோது, பேன்ட் நழுவிவிடாமல் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“போன வருஷம் பேன்ட் ஒரு விரல் லூசானதுமே, ஜெயிச்சுட்டேன்னு நீ கேக் பெட்டியோட வந்து நின்னே” என்றார் தையல்காரர். “அதான், இந்தத் தடவை ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இஸ்திரி போடுறதுக்கு முன்னாடி, ரெண்டு செட்டையும் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுத் தைச்சுட்டு வந்தேன்.”