நின்றபடியே நகர்ந்த தொட்டி

மண் சரிந்த மலையின் புதிய செயற்கைக்கோள் படத்தைப் பழைய வரைபடத்தின் மேல் பொருத்திக்கொண்டிருந்தாள் தாட்சாயணி. இரண்டிலும் இடம் மாறாதவற்றைத் தேடிப் புள்ளி வைத்தால்தான், புதைந்த வீடுகள் எங்கே என்று சொல்ல முடியும். பாலம், பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், தண்ணீர்த் தொட்டி என நான்கும் கிடைத்திருந்தன. அவள் காட்டிய இடத்தில் மீட்புக் குழுவினர் காலையிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் புதிய படத்தின் சாலை மட்டும் பழைய வரைபடத்தின் சாலையோடு ஒட்டவே மாட்டேன் என்றது. எழுந்து நடந்தாள். தண்ணீரை எடுத்துக் குடிக்காமலே வைத்தாள். மறுபடி உட்கார்ந்து தொட்டியின் புள்ளியை நீக்கியதும், சாலை சாலையின் மேல் அப்படியே படிந்தது. தொட்டி உடையாமல், சாயாமல், நின்றபடியே சரிவோடு கீழே வந்திருக்கிறது.

மீட்புக் குழுத் தலைவரைப் போனில் பிடித்தாள். "இருதயராஜ் சார், நிறுத்துங்க. வீடுங்க அங்க இல்ல. இன்னும் மேல, ஓடைக்குப் பக்கத்துல."

"ஏம்மா, இங்க ஆள் உயரத்துக்குத் தோண்டியாச்சு. இப்பவாவது சரியாச் சொல்றீங்களா?"

"சரியாத்தான் சொல்றேன். போங்க சார்."

இருவரும் போனை வைக்கவில்லை. கற்களின் மேல் பலர் ஏறும் சத்தம் கேட்டது. மண்வெட்டிகள் விழுந்தன. திடீரென்று அவர் அதட்டினார்: "எல்லாரும் சத்தம் போடாம இருங்கப்பா! அடியில ஏதோ கேக்குது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவளும் மூச்சை அடக்கினாள்.