நாங்குநேரி லெவனின் பதினைந்தாவது ஆள்

"ஏலே, எங்கன வாரீய எல்லாரும்? மூன்றடைப்பு இன்னும் தாண்டலையா? வண்டி பஞ்சரா? சரி சரி, பாத்துப் பைய வாங்க."

செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மைதானத்து வாசலில் நின்றபடி சாலையை எட்டிப் பார்த்தார் பெருமாள்ராஜ். பொருநை வட்டார கிரிக்கெட் சங்கத்தின் செயலாளர். லீக் சீசனின் கடைசி ஆட்டம் அது, ஒன்பது மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும்.

கங்கைகொண்டான் அணி எட்டு மணிக்கே வந்து பிட்ச்சில் மேட் விரித்து, ஆணியடித்து, பேடும் கட்டி உட்கார்ந்திருந்தது. எதிரே ஆட வேண்டிய நாங்குநேரி லெவனைத்தான் காணோம்.

ஒன்பதே கால் ஆனதும் அம்பயர் கருத்தையா ஸ்டம்பைப் பிடுங்கினார். "கங்கைகொண்டானுக்கு வாக்ஓவர்னு எழுதிருதேன் அண்ணாச்சி."

"எழுதும். வண்டி பழுதானா அவனுவதான் என்ன செய்வானுவ, பாவம்."

கங்கைகொண்டான் கேப்டன் மாடக்கண்ணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் கொள்ளாமல் நேரே வந்திருக்கிறான். "எட்டு வருசமா பாக்கேன் அண்ணாச்சி. நாங்குநேரிக்காரன் வண்டி மட்டும் எப்படி வருசா வருசம் பழுதாவுது? அவனுவள்ல ஒருத்தன் மூஞ்சியையாவது நீங்க பாத்திருக்கீயளா?"

"பாக்காமயா லிஸ்ட் வச்சிருக்கேன்? போ, போயி இட்லியத் தின்னுட்டுப் படு."

லிஸ்ட் இருந்தது வாஸ்தவம். ஆள்தான் இல்லை. அப்படி ஓர் அணியே இந்தப் பூமியில் கிடையாது. பன்னிரண்டு அணி இருந்தால்தான் சென்னைத் தலைமை இந்தச் சங்கத்தை ஏற்றுக்கொள்ளும், நிஜமாக ஆடுவதோ பதினொன்று. அதோடு வருஷாந்திரக் கூட்டத்தில் அணிக்கு ஓர் ஓட்டு. இல்லாத நாங்குநேரியின் ஓட்டையும் சேர்த்துத்தான் பெருமாள்ராஜ் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எட்டு வருஷத்துக்கு முன் அவர் புதுவீட்டுக்குப் பால்காய்ப்பு வைத்தபோது அடித்த அழைப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த நாங்குநேரிச் சொந்தக்காரர் பெயரையெல்லாம் லிஸ்டில் வரிசையாக இறக்கிவிட்டார் மனுஷன். பதினைந்து பேர் வேண்டும். பதினாலோடு பெரியவர்கள் தீர்ந்துபோனதும், அடியில் இருந்த 'மழலைகள்' வரிசையிலும் கை வைத்தார். அத்தனை பேருக்கும் வயது பதினெட்டு என்று ஒரே போடாகப் போட்டுக் கையெழுத்திட்டார். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

"எல்லாம் எம் பேரனுக்காகத்தான்வே" என்பார் கருத்தையாவிடம். "நான் ஒரு ஆளு இங்கன இருந்தாத்தான அவன் மேல வருவான்."

நாங்குநேரியில் கட்டிக்கொடுத்த மகள் வயிற்றுப் பேரன் அவன். அவனுக்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை என்பதுதான் உண்மை. அவன் இடது கையில் பந்து அப்படித் திரும்பும். பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கான மாநில முகாமுக்குத் தெற்கு மாவட்டங்களிலிருந்தே அவன் ஒருவன்தான் தேர்வாகியிருந்தான். அன்றைக்குத்தான் ரயில்.

பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீசரண் மைதானத்துக்கே வந்துவிட்டான். "தாத்தா, துன்னூறு பூசி விடுங்க. அம்மா ஆட்டோல இருக்கா."

பெருமாள்ராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பயல் மூன்று வயதில் அவர் பழைய வீட்டு மச்சுப்படியில் எலுமிச்சம்பழத்தைச் சுழற்றிப் போட்டவன். சட்டைப்பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றி நிறையப் பூசிவிட்டார். "எனக்கு இது போதும்லே. இனி எது போனாலும் எனக்குக் கவலை இல்ல."

போன் அடித்தது. அன்றைக்கு முதல் தடவையாக நிஜமாகவே அடித்தது.

"சார், சென்னை ஆபீஸ்லேர்ந்து லக்ஷ்மிநாராயணன் பேசறேன். பழைய பதிவையெல்லாம் இந்த வருஷம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம். உங்க பக்கத்துப் பையன் ஸ்ரீசரண், அப்பா பேர் சங்கிலிபூதத்தான். பதினஞ்சு வயசுன்னு சர்டிபிகேட் கொடுத்திருக்கான். ஆனா எட்டு வருஷம் முன்னாடியே நாங்குநேரி லெவன்ல பதினெட்டு வயசுன்னு பதிவாகியிருக்கு. கீழே உங்க கையெழுத்து."

"அது வேற பையனா இருக்கும் சார். ஒரே பேரு..."

"சங்கிலிபூதத்தான் மகன் ஸ்ரீசரண்னு நாங்குநேரில ரெண்டு பேரா சார்? ஒண்ணு, நீங்க கொடுத்த டீம் லிஸ்ட் பொய். அப்படின்னா சங்கத்தைக் கலைச்சுடுவாங்க, நீங்க இனிமே எந்தப் பதவிக்கும் வர முடியாது. இல்லேன்னா பையன் வயசைக் குறைச்சு ஏமாத்தறான். அவனை முகாம்லேர்ந்து எடுத்துட்டு ரெண்டு வருஷம் தடை போடுவோம். எதுன்னு இப்பவே சொல்லுங்க, ஃபைலை மூடணும்."

ஸ்ரீசரண் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. "தாத்தா, ரயிலுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று கையாட்டினான்.

பெருமாள்ராஜும் சிரித்தபடி கையாட்டினார். பிறகு இரண்டடி தள்ளிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பயலுக்கு இருபத்தாறு வயசு சார்."